ஷிப்ட் மாறினால் ஜெப ஒழுங்கு உடைகிறதா?

ஏற்காடு மலையில் நடந்த தியானத்தில் எழுதிய 11 ஜெப விதிகளும், சேலத்தில் ஷிப்ட் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் வாரமே நின்றுபோயின என்கிறீர்கள்; வெள்ளி உபவாசம் பற்றியும் கேட்கிறீர்கள். ஜெபத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், செயலோடு கட்டுங்கள். ‘காலை 5 மணி ஜெபம்’ என்பதை அடித்துவிட்டு, ‘எழுந்ததும், செல்போனைத் தொடும் முன் ஒரு சங்கீதம்’ என்று எழுதுங்கள். நைட் ஷிப்ட் முடித்துப் பகல் 2 மணிக்கு எழுந்தாலும் அது செல்லும்.

அந்த விதிகள் நின்றுபோனதற்குக் காரணம் சோம்பலாக இருக்காது. மலையில் சமையலும் இல்லை, டியூட்டியும் இல்லை. அந்த அட்டவணை சேலத்துக்கு இறங்கினால் தாங்குமா? 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கிலேயே குளிர்காலத்துக்கு ஒரு நேரம், கோடைக்கு வேறு நேரம்.

அந்த 11 விதிகளில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லா ஷிப்டும் ஒரு சுற்று வரும்வரை காலண்டரில் டிக் போட்டுப் பாருங்கள். நைட்டில் மட்டும் விடுபடுவதைச் சுருக்குங்கள், நீக்க வேண்டாம்.

அப்புறம் அந்த வெள்ளி உபவாசம்: சுகர் மாத்திரை போடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.