போலந்து நாட்டுப்புற இசையும் புது பேண்டுகளும்: கேள்வி பதில்

கே: போல்கா போலந்து ஆட்டம்தானே? அதை இப்போது வாசிக்கும் பேண்ட் ஒன்று சொல்லுங்களேன்.

ப: இல்லை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், போல்கா செக் நாட்டுச் சரக்கு. மசுர், குயாவியாக், ஒபெரெக், இந்த ஆட்டங்கள்தான் போலந்தின் சொத்து. மூன்றுமே மூன்று எண்ணிக்கைத் தாளம். அழுத்தம் முதல் எண்ணிக்கையில்தான் விழும் என்று காத்திருந்தால் தடுமாறுவீர்கள், இரண்டிலோ மூன்றிலோ விழும்.

கே: வார்ஸா வில்லேஜ் பேண்ட் கேட்டேன். அந்தப் பெண்கள் பாடுகிறார்களா, கத்துகிறார்களா?

ப: கத்துகிறார்கள், அதுதான் பாட்டு. போலந்தில் இதை வெள்ளைக் குரல் என்பார்கள். தொண்டையைத் திறந்து, நெஞ்சுக் குரலில், நடுக்கம் இல்லாமல், ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குக் கேட்கும்படி பாடுவது. 1997இல் தொடங்கிய இந்த பேண்ட், 2004இல் பிபிசி ரேடியோ 3 உலக இசை விருதில் புதுமுகப் பிரிவில் ஜெயித்தது. அவர்களிடம் இருக்கும் 'சூகா' என்ற நரம்பு வாத்தியத்தையும் கவனியுங்கள். முழங்காலில் நிமிர்த்தி வைத்து வில்லால் வாசிக்கிறார்கள். விரல் நுனியால் தந்தியை அழுத்துவதில்லை, நகத்தைப் பக்கவாட்டில் தொடுகிறார்கள். வழக்கொழிந்தே போன வாத்தியம் இது. வோய்ச்செக் கெர்சோன் 1895இல் வரைந்த நீர்வண்ணப் படம் போன்ற பழைய பதிவுகளை வைத்துத் திரும்பச் செய்தார்கள். அதை மீட்டவர்களில் ஒருவரான மரியா பொமியானோவ்ஸ்கா இந்தியாவில் சாரங்கி படித்தவர், அதிலும் நகம்தானே.

கே: டிஸ்கோ போலோ பற்றி?

ப: அது கல்யாண வீட்டு கீபோர்ட் பாட்டு. வேறு யாரையாவது கேளுங்கள்.

கே: இந்த பேண்டுகள் பாரம்பரியத்தைக் கெடுக்கின்றன. மஸொவ்ஷே குழுவின் சுத்தம் எங்கே, இவர்கள் எங்கே!

ப: வாருங்கள், இதற்காகத்தான் காத்திருந்தேன். மஸொவ்ஷே 1948இல் அரசு தொடங்கிய குழு. ததேயுஷ் சிகியெதின்ஸ்கி கிராமத்து மெட்டுகளை எடுத்துப் பாடகர் குழுவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதினார், ஒரே மாதிரி உடுப்பு போட்டு மேடையில் ஏற்றினார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் எந்தக் கிராமத்திலும் அப்படி யாரும் வாசித்ததில்லை. நீங்கள் திட்டும் புது பேண்டு ஆட்களில் ஒருவரான யானுஷ் புருஷினோவ்ஸ்கி மத்தியப் போலந்தின் முதிய வயலின்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர். காதுக்குப் புதிதாக இருப்பதுதான் பழசு, பழசு என்று நீங்கள் நம்புவது நேற்றைய மேடை.

கே: போல்காவுக்கு நல்ல போலந்து பேண்ட்?

ப: மேலே பாருங்கள்.

கே: போலந்து மலைக்காரர்களின் பாட்டும் ஜமைக்காவின் ரெக்கே இசையும் சேர்ந்ததாமே, நிஜமா?

ப: நிஜம். ஸக்கோபானே என்ற மலையூர்ப் பக்கத்து ட்ரெபுனியே-துத்கி குடும்பக் குழு, ஜமைக்காவின் ரெக்கே குழுவான ட்விங்கிள் பிரதர்ஸுடன் 90களின் தொடக்கத்தில் பதிவு செய்தது. ஒட்டாது என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று வயலினும் 'பாசி' என்ற மூன்று தந்தி அடிநாத வாத்தியமும் கரகரவென்று போக, கீழே ரெக்கே பேஸ் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. மலைப் பாட்டில் நான்காவது சுரம் ஏறித்தான் நிற்கும். கர்நாடகக் காதுக்கு அது பிரதி மத்யமம், கல்யாணி வாடை அடிக்கும். ஆனால் கல்யாணி என்று எங்கும் எழுதிவிடாதீர்கள்.

கே: (மஸொவ்ஷே ரசிகர்தான்) அப்படியானால் ரூட்டா பேண்ட்? பங்க் ராக் ஆட்கள் அலறுவதும் கிராமமா?

ப: விடமாட்டீர்கள் போல. 2011இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் இருப்பவை பண்ணையடிமைகளின் ஆத்திரப் பாட்டுகள். பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தவன் திட்டுவதைப் பட்டுப்பாவாடைக் கோரஸாகப் பாடினால்தான் எனக்குப் பொய்யாகப் படும். ரூட்டாவில் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்லவில்லை, நாலு பாட்டுக்கு மேல் தலைவலி. அது வேறு விஷயம்.

கே: ஆஸ்கர் கோல்பெர்க்கின் நாட்டுப்புறப் பாட்டுத் தொகுப்பில் எல்லா மெட்டும் இருக்கிறதே, அதைப் பார்த்து வாசித்தால் போதாதா?

ப: போதாது. 19ஆம் நூற்றாண்டில் அவர் ஊர் ஊராய்த் திரிந்து ஆயிரக்கணக்கில் எழுதி வைத்தார், பெரிய மனிதர். ஆனால் ஒபெரெக் வாசிப்பவன் தாளத்தை இழுத்து, நழுவவிட்டு, ஆடுபவர் காலடிக்குள் திரும்பப் பிடிப்பதைக் காகிதத்தில் பிடிக்க முடியாது. பதிவுகளைக் கேளுங்கள், கூடவே காலைத் தட்டுங்கள்.

கே: என் வயலினை முழங்காலில் வைத்து நகத்தால் வாசித்தால் சூகா ஆகுமா?

ப: சுரம் வரும், அந்தச் சத்தம் வராது. முதலில் நகத்தை வளர்த்துவிட்டு வாருங்கள்.