தீபாவளிக்கு ஏற்காடு: போகலாமா, வேண்டாமா?

கேள்வி: எனக்கு 68 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன் இந்த வருடம் தீபாவளிக்கு ஏற்காட்டில் அறை எடுத்துவிட்டான். பலகாரமும் கடையில் சொல்லியாகிவிட்டது. "நீ சும்மா வந்து உட்காரும்மா" என்கிறான். அமெரிக்காவில் இருக்கும் மகள், இலையுதிர்காலம் என்று சிவந்த மரங்களைப் படம் பிடித்து அனுப்புகிறாள். நான் ஜன்னலோரம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் அடுப்பு மூட்டாமல் ஒரு தீபாவளியா? போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: சகோதரி, போய்விட்டு வாருங்கள். ஆனால் சும்மா போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏற்காட்டைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. "சும்மா உட்கார்" என்ற இடத்தில் மட்டும் பேனா அழுந்தி, தாளின் மறுபக்கம் வரைக்கும் தடம் விழுந்திருக்கிறது.

நான் உங்களைவிட நாலு வயது மூத்தவள். செவ்வாய்ப்பேட்டையில் வளர்ந்தேன். நம் ஊரில் ஐப்பசி என்றால் காய வைக்கிற கவலைதானே? அதிரசத்துக்கு ஊற வைத்த அரிசி உலராது. துவைத்த துணி உலராது. வாங்கி வைத்த பட்டாசை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்து அப்பாவிடம் திட்டு வாங்குவோம். எங்கள் தெருவில் நெசவு வீடுகள் உண்டு. கஞ்சி போட்ட பாவு நூல் காய்வதற்கு வெயில் வேண்டும். குழித்தறியில் தண்ணீர் ஊறிவிட்டால் அதோடு வேலை நின்றது. பண்டிகைச் செலவு கழுத்தை நெரிக்கிற நேரத்தில்தான் மழை வந்து கூலியையும் நிறுத்தும். உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித் தரத் தேவையில்லை. மழையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார அந்த நாளில் நமக்கு எங்கே நேரம் இருந்தது? இப்போது இருக்கிறது. அதுதான் உங்களைப் படுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழக்கம் மாறியது இந்த வருடம்தானா என்றும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் முதன்முதலாகக் கடையில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தபோது என் மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு முதல் சரம் வெடித்து ஊரை எழுப்பியவர்கள் நாம். 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இரண்டே மணி நேரம். பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் தீபாவளி. அவர்கள் ஒன்றும் ஏங்கிப் போய்விடவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். அதிரசத்தை மட்டும் கடைக்கு விடாதீர்கள். "அதை நான் செய்கிறேன்" என்று மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். முறுக்கும் தட்டுவடையும் மலை ஈரத்தில் டப்பாவைத் திறந்த அரை மணியில் நமுத்துவிடும், அது கடைப் பலகாரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதிரசம் அப்படியில்லை, வைக்க வைக்கத்தான் ருசி. மாவை நாலு நாள் முன்பே பாகில் கிளறி வைத்துவிட்டால், கிளம்புவதற்கு முதல் நாள் சுட்டு எடுத்துக்கொள்ளலாம். அடுப்பு உங்கள் வீட்டில் எரிந்ததாகவும் ஆயிற்று.

அப்புறம் எண்ணெய். நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டுக் காய்ச்சி, ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்துப் போங்கள். விடுதியில் வெந்நீர் இருக்கும், சீயக்காய்கூடக் கேட்டால் கிடைக்கலாம். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் வைக்க மூத்தவர் கைதான் வேண்டும். அதற்கு யாரிடம் ஆர்டர் கொடுப்பான் உங்கள் மகன்? ஒன்று மட்டும், குளித்த ஈரத்தலையோடு வராந்தாவில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், ஐப்பசியில் அறைக்குள்ளேயே மேகம் வரும். லேகியமும் இருக்கட்டும். சர்க்கரை இருந்தால் சுண்டைக்காயளவு போதும், அதில் பாதி வெல்லம்.

மகளுக்கும் ஒரு பதில் படம் அனுப்புங்கள். நமக்கு இலை உதிர்வது மாசி, பங்குனியில். ஐப்பசியில் மரமெல்லாம் பச்சை கட்டி நிற்கும். பழைய தமிழில் ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் காலம் என்று பெயர், வாடைக் காற்றின் காலம். சேர்வராயன் மலையில் இந்தப் பருவத்தில் சிவப்பது காப்பிப் பழம்தான். 1820களில் காக்பர்ன் என்ற வெள்ளைக்கார கலெக்டர் கொண்டுவந்து வைத்த பயிர் அது. சில்வர் ஓக் நிழலில், மழைத்துளியோடு, கொத்தாகச் சிவக்கத் தொடங்கியிருக்கும். அதைப் பிடித்து அனுப்பினால் மேப்பிள் இலை தோற்றுவிடும்.

மழை வலுத்தால் அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் மண்ணும் பாறையும் விழுவது உண்டு. இருட்டுவதற்குள் மேலே ஏறிவிடச் சொல்லுங்கள். மகன் பெங்களூரிலிருந்து "எட்டு மணிக்கு வந்துவிடுவேன்" என்றால் நம்பாதீர்கள், மதியமே கிளம்பச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் ஒத்துக்கொண்டால் பதிலுக்கு ஒன்று கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. கார்த்திகை தீபத்துக்கு எல்லாரும் அம்மாப்பேட்டை வீட்டுக்கு வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்கு விடுதி தேவையில்லை, வாசல் போதும். பனம்பூ கிடைத்தால் கரியாக்கி, இடித்து, துணியில் சுருட்டி, பேரனுக்கு, சுற்றினால் தீப்பொறி பறக்கிற மாவளி ஒன்று கட்டிக் கொடுங்கள். இரண்டு சுற்றுச் சுற்றி அவன் கை வலிக்கிறது என்று சொன்னால் நீங்கள் வாங்கிச் சுற்றுங்கள். மருமகள் படம் எடுக்கட்டும்.