சிரித்துவிட்டேன், தவறா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே இருந்த மலை இறங்கியது. கடைசி மூன்று காம்பராக்கள் (ஒற்றை அறை வீடுகள்) மண்ணுக்குள் போய்விட்டன. அம்மா அதில் ஒன்றில் இருந்தார். அடுத்த நாள் மத்தியானம்தான் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பாடசாலையில் தங்கியிருந்தோம். நத்தாருக்கு முன்னால் கொழும்பிலிருந்து ஒரு ஜெபக்குழு வந்தது. நல்ல மனிதர்கள். அரிசி, பால்மா, போர்வை எல்லாம் கொண்டுவந்தார்கள். கூட்டத்தில் பேசிய சகோதரர், "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்பது வேதத்தின் ஆலோசனை இல்லை, கட்டளை. துக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவிசுவாசம்" என்றார். இன்னொருவர், தோட்டத்தில் இருக்கும் பாவத்துக்காகத்தான் மலை சரிந்தது என்கிற மாதிரிப் பேசினார். எனக்கு அன்று பாட வாய் வரவில்லை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, பக்கத்துக் காம்பரா அக்கா நிவாரணத்துக்கு வந்த கோதுமை மாவில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் வீடு இல்லை. ஒரு ரொட்டி கோணலாக வந்துவிட்டது. அதைத் தூக்கிக் காட்டி, "டீச்சர், இங்க பாருங்க, இலங்கை மேப்பு. யாழ்ப்பாணத்த நீங்க தின்னுங்க. பதுளைய மட்டும் பாத்துப் பிய்ங்க, சரிஞ்சிரும்" என்றார். நான் சிரித்துவிட்டேன், ஐயா. வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு. அன்று இரவு தூங்கவில்லை. ஜெபக் கூட்டத்தில் வராத சந்தோஷம் இதில் வந்ததே, அதுவும் அம்மாவைக் கொன்ற மண்சரிவைச் சொல்லிச் சிரித்தேனே என்று மனது அடித்துக்கொண்டது. அந்த அக்கா கிறிஸ்தவரும் இல்லை. இதைக் "கர்த்தருக்குள் சந்தோஷம்" என்று சொல்ல முடியுமா? வருகிற ஞாயிறு என்னைச் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறார்கள். என்ன சொல்வது?

ம.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சிரிப்பு. அதில் தவறு ஒன்றும் இல்லை. மண்சரிவைச் சொல்லிச் சிரிக்க உங்கள் இருவருக்கும் உரிமை இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதே பகிடியைச் சொல்லியிருந்தால் அடித்திருக்கலாம். வீட்டை இழந்தவர் அம்மாவை இழந்தவருக்குச் சொன்னது அது. உங்கள் அம்மா அருகில் இருந்திருந்தால், தோட்டத்து அம்மாக்களை எனக்குத் தெரிந்தவரையில், அவரும் சிரித்துவிட்டு அப்புறம் அக்காவை ஏசியிருப்பார்.

பாவத்தால் மலை சரிந்தது என்ற பேச்சுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லியிருக்கிறார். லூக்கா 13-ல் இருக்கிறது. அந்தச் சகோதரர் ஊருக்குப் போய் வாசித்துப் பார்க்கட்டும். டித்வாவில் நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போனார்கள். 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு சேர்த்து மனிதர்களை மண் மூடியது. செங்குத்தான சரிவில் வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் இன்னும் ஏன் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் பரலோகத்தில் இல்லை. காணிக் கச்சேரியிலும் கம்பனிக் கந்தோரிலும்தான் இருக்கிறது.

இனி அந்த வசனம். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் எழுதியது பிலிப்பியருக்கு, சிறையிலிருந்து. இதைப் பிரசங்கிகள் எல்லோரும் சொல்வார்கள். அதே கடிதத்தில் இரண்டு அதிகாரம் முன்னால் எப்பாப்பிரோதீத்து என்று ஒருவர் வருகிறார். பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பிய உதவியைச் சுமந்துகொண்டு சிறைக்கு வந்தவர். வந்த இடத்தில் சாகக் கிடந்து பிழைத்தார். அவர் செத்திருந்தால் எனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" வந்திருக்கும் என்று பவுல் எழுதுகிறார். அப்படியானால் ஏற்கெனவே ஒரு துக்கம் அவரிடம் இருந்திருக்கிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எப்போதும் சந்தோஷமாயிருங்கள் என்று சொன்ன அதே வாய்தான்!

இன்னும் ஒன்று. பிலிப்பியில் பவுலுக்கும் சீலாவுக்கும் அடி விழுந்து, காலைத் தொழுமரத்தில் மாட்டிய அந்த இரவைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் நடுராத்திரிப் பாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பாட்டு, பூமியதிர்ச்சி, கதவு திறந்தது, அல்லேலூயா. அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிப்பேன். சிறைக்காரன் அந்த ராத்திரியிலேயே அவர்களைக் கூட்டிப்போய்க் காயங்களைக் கழுவுகிறான். பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போடுகிறான். அந்த இடத்தில்தான் அவன் வீட்டாரோடு மனமகிழ்ச்சியாக இருந்தான் என்று எழுதியிருக்கிறது. முதலில் காயம், அடுத்தது சோறு, அப்புறம்தான் மகிழ்ச்சி. உங்களிடம் வந்த குழு அரிசியும் போர்வையும் கொண்டுவந்தபோது பாதி தூரம் சரியாகத்தான் வந்திருக்கிறது. உட்கார்ந்து காயத்தைப் பார்க்காமல் நேரே பாட்டுக்குப் போய்விட்டது.

நம் சபைகளில் சிலவற்றில் மரண வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது, அது நம்பிக்கையில்லாதவர்கள் செய்வது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. சங்கீதப் புத்தகத்தில் பெரும் பகுதி ஒப்பாரிதானே? 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். கடைசி வரி வரைக்கும் ஆறுதல் என்று ஒரு சொல் கிடையாது. அதை எழுதியவரையும் அவிசுவாசி என்று யாரும் புத்தகத்தைவிட்டு வெளியே தள்ளவில்லை. தோட்டத் தமிழர்களில் பெரும்பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்த சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பம் குடும்பமாக ஆட்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு நம்மவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். அதில் ஏறினவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அழாமல் கோச்சி ஏறினவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

சந்தோஷமாக இரு, பொறுமையாக இரு என்ற பிரசங்கம் மலையகத்தில் ஏன் இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பதற்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. 1854-இல் தோட்டங்களில் தமிழர்களுக்கென்று ஒரு மிஷன் தொடங்கினார்கள். அதன் பெயரே தமிழ்க் கூலி மிஷன். கோப்பித் தோட்டத் துரைமார் அதற்குக் காசு கொடுத்தார்கள். உபதேசிமார் காலால் நடந்தே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தார்கள், எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் துரையின் காசில் நடக்கிற கூட்டத்தில் காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்துச் சங்கதி எவ்வளவு பேச முடியும்? பரலோகத்து வாசஸ்தலங்களைப் பற்றிப் பேசுவது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவைப் பற்றிப் பேசுவதைவிட எல்லோருக்கும் வசதி. அந்தப் பழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. வேறு மாதிரிக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கண்டியில் 1972-இல் சத்யோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ், தோட்ட மக்களின் குடியுரிமையையும் சம்பளத்தையும் தன்னுடைய விசுவாசத்தின் பகுதியாகவே எடுத்துக்கொண்டவர்.

இவ்வளவு சொல்லிவிட்டு, கஷ்டத்தில் சந்தோஷம் என்பதே பொய் என்று நான் முடித்தால் அதுவும் நியாயமில்லை. நான் பார்த்திருக்கிறேன். 2022-இல் மா விலை ஏறி, மண்ணெண்ணெய்க்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற வருடத்து நத்தார். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு டோலக்கோடு ராத்திரி லயம் லயமாகக் கீதம் பாடிக்கொண்டு போனார்கள். பனி காதைக் கடிக்கிறது. ஆளுக்கொரு கம்பளித் தொப்பி, ஒருவர் தலையில் கொழுந்துச் சாக்கு. பாட்டு சுருதியில் இல்லவே இல்லை. மாரியம்மன் கோயில் தலைவர் வீட்டு இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) எல்லோருக்கும் சாயத்தண்ணி. சீனி இல்லை, உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி வைத்தார்கள். கடித்துக்கொண்டு குடித்தோம். மாசி மாதம் மாரியம்மன் கரகம் வரும்போது இதே ஆட்கள் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள் என்பது கணக்கு. அந்த ராத்திரி யாருக்கும் கஷ்டம் தீரவில்லை. விடிந்தால் அதே வரிசை. ஆனாலும் அங்கே இருந்ததற்கு சந்தோஷம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. யாரும் யாரையும் சந்தோஷமாக இருக்கச் சொல்லவுமில்லை.

நாட்காட்டிகளில் பெரிய எழுத்தில் போடுவார்களே, "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன்" என்று. நெகேமியா 8:10. அது வசனத்தின் வால். தலைப்பகுதியை யாரும் அச்சடிப்பதில்லை. போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், மதுரமானதைக் குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள் என்று தொடங்குகிறது. அழுதுகொண்டிருந்த ஒரு கூட்டத்துக்குச் சொன்னது. அதிலே யாரும் தனியாக உட்கார்ந்து நெஞ்சுக்குள் சந்தோஷத்தை வரவழைக்க வேண்டும் என்று இல்லை. பங்கு போக வேண்டும், அவ்வளவுதான். மூன்று அதிகாரம் பின்னால் போனால் விஷயம் இன்னும் சுவாரசியம். ஐந்தாம் அதிகாரத்தில் அதே சனங்கள், பஞ்சத்துக்கு நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமையாக விட்டோம் என்று கூச்சல் போடுகிறார்கள். நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது. பெரிய மனிதர்களைக் கூட்டி, நிலத்தையும் வீட்டையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். கொடுக்கிறார்கள். காணி கைக்கு வந்தது ஐந்தாம் அதிகாரத்தில், மகிழ்ச்சியாயிருங்கள் என்ற பேச்சு எட்டாம் அதிகாரத்தில். 200 வருடமாகக் காணி இல்லாத நமக்கு இந்த வரிசையைப் பிரசங்கம் பண்ண ஒரு ஆள் வர வேண்டும்.

அந்த அக்கா கிறிஸ்தவர் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். பஞ்ச காலத்தில் எலியாவைக் கர்த்தர் யாரிடம் அனுப்பினார்? இஸ்ரவேலில் இருந்த விதவைகளை எல்லாம் விட்டுவிட்டு, சீதோனைச் சேர்ந்த சாரிபாத் ஊரில் ஒரு விதவையிடம். அவளுக்கு எலியாவின் தெய்வம் சொந்தத் தெய்வம் இல்லை. "உம்முடைய தேவன்" என்றுதான் பேசுகிறாள். பானையில் கடைசியாக ஒரு பிடி மா இருந்தது. அதில் சுட்டதைக் கொடுத்தாள். அதைச் சாப்பிட்ட எலியா, இது யார் கையால் வந்தது, செல்லுமா செல்லாதா என்று விசாரித்ததாக இல்லை. இயேசு நாசரேத்து ஜெப ஆலயத்தில் இந்தக் கதையை நினைவுபடுத்தியபோது கேட்டவர்கள் அவரை மலையிலிருந்து தள்ளப் பார்த்தார்கள் என்பதும் உண்மைதான். ஆகவே உங்கள் சந்தேகம் புதியதில்லை. என்னைக் கேட்டால், அந்தச் சிரிப்பு உங்களுக்கு வந்தது கர்த்தருக்குள்தான். அக்காவிடம் இதைச் சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர் அவருடைய சாமியிடம் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒருமுறை சிரித்துவிட்டதால் துக்கம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மழை இருட்டும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும். சாப்பாடும் தூக்கமும் தொடர்ந்து இல்லாமல் போனால் பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்லுங்கள். ஜெபம் செய்கிறவர்கள் மருந்து எடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால், காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாட்சிக்கு வருவோம். இஷ்டமில்லை என்றால் வேண்டாம். "இப்போது முடியாது, பாஸ்டர்" என்று சொன்னால் போதும், காரணம் சொல்லவும் தேவையில்லை. பேசுவதாக இருந்தால் அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். எந்த மலையில் கொழுந்தெடுத்தார், எதற்குக் கோபப்படுவார், எந்தப் பாட்டைப் பிழையாகப் பாடுவார். அழுகை வந்தால் வரட்டும். முடிவில் ஜெயமாக ஒரு வசனம் சொல்லி முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்புறம், லயத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லாததால் வீட்டு உதவிக்கு விண்ணப்பிக்கும்போது இழுபறி வரும். படிவமும் பல இடங்களில் சிங்களத்தில்தான் கிடைக்கிறது. கிராம சேவகரிடம் கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், மூன்று காம்பராக் குடும்பங்களும் சேர்ந்தே போங்கள். அந்தக் கொழும்புக் குழு நல்ல மனிதர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மறுபடி வருவதாக இருந்தால், சிங்களத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு பேரையும், காணிச் சட்டம் தெரிந்த ஒருவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். காலையில் அந்த வேலை நடக்கட்டும். சாயந்தரம் பாட்டு வைத்தால் சொல்லி அனுப்புங்கள், நானும் பஸ் ஏறி வருகிறேன்.