மிச்ச நூல்ல பிள்ளைக்கு பொம்மை: குரோஷா கேள்வி பதில்

போன இதழ்ல மிச்ச உல்லன் நூல வெச்சு குரோஷாவுல, அதாவது கொக்கி ஊசியால, சின்ன சின்ன மிருக பொம்மை பின்னலாம்னு ரெண்டு வரிதான் எழுதியிருந்தேன், இந்த தடவை வந்த கடுதாசி பூரா அதப் பத்திதான். எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிடுதேன், எந்த பொம்மையா இருந்தாலும் கைப்பிள்ளை கையில குடுத்தா அது மொதல்ல வாய்க்குள்ளதான் போகும், அழகு எல்லாம் அதுக்கு அப்புறம். கீழ நான் சொல்லுற பதில்ல பாதிக்கு மேல இத மனசுல வெச்சுதான் சொல்லுதேன்.

மார்த்தாண்டத்துல இருந்து ஒரு வாசகி: அக்கா, தொப்பி, ஷால், வாசல் தோரணம்னு பின்னி மிச்சமான நூல் ஒரு பை நிறைய கிடக்கு, தூரப் போட மனசு வரல. அண்ணன் பிள்ளைக்கு எட்டு மாசம், அதுக்கு ஒரு யானை பின்னலாம்னு ஆசை. ஆனா எது காட்டன், எது அக்ரிலிக்னு லேபிள் ஒண்ணும் இல்ல. எப்படி கண்டுபிடிக்க?

தூரப் போடாதீங்கம்மா, ஒரு சின்ன பொம்மைக்கு இருபது முப்பது கிராம் நூல் இருந்தா தாராளம். கண்டுபிடிக்க சுலபமான வழி எரிச்சுப் பாக்குறது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி இடுக்கியில புடிச்சு, எவர்சில்வர் தட்டுக்கு மேல வெச்சு நுனியில தீக்குச்சிய காட்டுங்க, பக்கத்துல ஒரு செம்பு தண்ணி இருக்கட்டும், பிள்ளைங்க கிட்ட வரக்கூடாது. காட்டன்னா காகிதம் எரியுற வாசம் வரும், சாம்பல் தொட்டா பொடிஞ்சிரும். அக்ரிலிக் உருகி சொட்டும், ஆறினதும் கருப்பா கட்டியா கல்லு மாதிரி இறுகிரும், உருகுறப்போ கைய வெச்சுராதீங்க, தோல்ல ஒட்டிக்கிடும். நிஜமான கம்பளின்னா முடி கருகுற நாத்தம், தீய எடுத்ததும் தானா அணையும்.

பிரிச்சு வெச்சாச்சுன்னா ஒரே பொம்மைக்கு ஒரே ரகமா எடுங்க. உடம்பு காட்டன், காது அக்ரிலிக்னு போட்டா துவைக்க துவைக்க காட்டன் சுருங்கும், அக்ரிலிக் அப்படியே நிக்கும், தையல் பக்கம் இழுத்துக்கிட்டு கோணலா போயிரும். மெலிசு நூலா இருந்தா ரெண்டு இழைய சேத்து பின்னுங்க, வேற வேற கலரா இருந்தாலும் கலந்து வரும், பாக்க நல்லாத்தான் இருக்கும். முடி முடியா இருக்கிற மோஹேர், வெல்வெட் மாதிரி இருக்கிற ஷெனில் இதெல்லாம் எட்டு மாசத்துக்கு வேண்டாம், பிள்ளை சப்புறப்ப பிசிறு வாயில போகும்.

அப்புறம் சாயம். சிவப்பு, கருநீலம், கருப்பு இதுல எல்லாம் கட்டாயம் சோதிச்சுப் பாருங்க. நூல நனைச்சு வெள்ளைத் துணிக்கு நடுவுல வெச்சு அரை மணி நேரம் அழுத்தி வைங்க, துணியில கறை இறங்கிச்சுன்னா அந்த நூலு தோரணத்துக்குதான், பிள்ளைக்கு இல்ல.

யானைக்கு தும்பிக்கை, காது, நாலு கால், வால்னு தனித்தனியா தைக்க நிறைய இருக்கு, தைக்கிற இடம் கூடக்கூட பிய்யிற இடமும் கூடும். மொதல் பொம்மையா ஒரு கோழிக்குஞ்சோ மீனோ பின்னிப் பாருங்க, உடம்பு ஒரே துண்டா வந்துரும். இல்ல யானைதான் வேணும்னா ஒவ்வொரு துண்டையும் சுத்தி ரெண்டு தடவை தைச்சு, நூல் நுனிய உடம்புக்குள்ள நல்ல நீளமா விட்டு முடிச்சு போடுங்க, முடிச்சதும் நீங்களே பலமா இழுத்துப் பாருங்க. உங்க கைக்கு அசையலன்னா அப்புறம் குடுங்க.

இன்னொண்ணும் இருக்கு. சேலைத் தொட்டில்ல பிள்ளைய போட்டு ஆட்டுறப்ப பொம்மையையும் கூட போடுற பழக்கம் நம்ம பக்கம் நிறைய வீட்டுல உண்டு. ஒரு வயசு ஆகுற வரைக்கும் தூங்குற இடத்துல மெத்து மெத்துன்னு எதுவும் இருக்கக் கூடாதுன்னுதான் குழந்தை டாக்டருங்க சொல்லுதாங்க, மூக்க மூடிரும். முழிச்சிருக்கும்போது, பெரியவங்க பக்கத்துல இருக்கும்போது விளையாடட்டும்.

குளச்சல்ல இருந்து ஒரு வாசகி: பொம்மைக்கு பளபளன்னு பிளாஸ்டிக் கண்ணு வைக்கலாமா, இல்ல பட்டன் தைக்கவா? எங்க மாமியார் பிள்ளையாருக்கு வைக்கிற குன்னிமுத்து வெச்சா அழகா இருக்கும்னு சொல்லுதாங்க.

மாமியார்கிட்ட பைய எடுத்துச் சொல்லுங்க, குன்னிமுத்து மட்டும் கூடவே கூடாது. குண்டுமணின்னு மத்த ஊர்ல சொல்லுற அந்த சிவப்பும் கருப்புமான விதையில அப்ரின்னு கொடிய விஷம் இருக்கு, தோலு உடையாம முழுங்கினா வெளிய போயிரலாம், ஆனா கடிச்சு மென்னுட்டா உயிருக்கே ஆபத்து. களிமண் பிள்ளையாருக்கு வெச்சு கொளத்துல கரைச்சிருதோம், சரி, பிள்ளை கையில புழங்குற பொம்மையில அதுக்கு வேலையே இல்ல.

பிளாஸ்டிக் கண்ணுக்கு சேஃப்டி ஐன்னு பேரு போட்டு விக்காங்க, பின்னாடி வாஷர் வெச்சு இறுக்குறது. வாஷர் கழராதுதான், ஆனா பின்னல் துணி இழுத்தா விரியுமே, வாஷரோட சேந்து கண்ணி, அதான் பின்னல் வளையம், அது வழியா வெளிய வந்துரும். அதனால மூணு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்கு கண்ணு, மூக்கு, வாய் எல்லாமே நூல்லயே தையுங்க. பட்டன், மணி, ஒட்டுற கண்ணு எதுவும் வேண்டாம். பொம்மைங்கள சோதிக்கிற எடத்துல சின்ன துண்டு எதுன்னு பாக்க ஒரு குழாய் வெச்சிருக்காங்க, அதோட வாய் 31.7 மில்லிமீட்டர், மூணு வயசுப் பிள்ளை தொண்டை அளவுக்குன்னு வெச்சது. அதுக்குள்ள முழுசா அடங்குற எதுவும் பொம்மையில இருந்து கழண்டு வரக்கூடாது. பட்டனும் மணியும் அதுக்குள்ள எங்கயோ போயிரும்.

தைக்கிறதுக்கு கருப்பு எம்ப்ராய்டரி நூல எடுத்து மொதல்ல அலசிருங்க. பஞ்சு அடைச்சு மூடுறதுக்கு முன்னால, தலை திறந்து இருக்கும்போதே கண்ணு தைச்சீங்கன்னா முடிச்சு உள்பக்கம் பத்திரமா நிக்கும். ரெண்டு கண்ணுக்கு நடுவுல எத்தன கண்ணி இருக்குன்னு எண்ணிட்டு தைங்க, கொஞ்சம் கீழ, கொஞ்சம் அகலமா வெச்சா குட்டி முகம் வரும். ஓரத்துல வெள்ளை நூல்ல ஒரு சின்ன தையல் போட்டா பிளாஸ்டிக் கண்ணுல வர்ற அந்த பளபளப்பு இதுலயும் வந்துரும்.

முளகுமூட்டுல இருந்து ஒரு வாசகி: எங்க அம்மை லேஸ் வேலை பாத்தவங்க, அவங்கதான் எனக்கு குரோஷா கத்துக் குடுத்தாங்க, கை நல்லா வரும். ஆனா யூடியூப் பாத்து முயல் பின்னினா சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா பஞ்சு வெளிய தெரியுது. எங்க தப்பு?

உங்க கையில தப்பே இல்ல, இது வேற வேலை. நாகர்கோவில்ல 1820கள்ல மிஷனரி மால்ட் அம்மா பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைங்களுக்கு லேஸ் கத்துக் குடுத்த காலத்துல இருந்து நம்ம ஜில்லா கைக்கு பழகினது இடைவெளி விட்டு, காத்தோட்டமா, பூ பூவா போடுற வேலை. பொம்மைக்கு நேர் எதிரா வேணும், காத்து கூட நுழையாத மாதிரி இறுக்கம்.

மொதல்ல கண்ணிய பாருங்க. அம்மை படிச்சது பிரிட்டிஷ் முறையா இருக்கும், யூடியூப்ல நிறைய பேரு அமெரிக்க முறையில சொல்லுவாங்க. அவங்க சிங்கிள் குரோஷேன்னு சொல்லுறதுதான் நம்ம பழைய புத்தகத்துல டபுள் குரோஷே. பொம்மைக்கு எப்பவும் அந்த குட்டைக் கண்ணிதான், ஊசிய நுழைச்சு நூல இழுத்தா ஊசியில ரெண்டு வளையம், மறுபடி நூல சுத்தி ரெண்டையும் ஒண்ணா தள்ளிருவோமே, அது. ஊசியில மொதல்லயே ஒரு சுத்து சுத்திட்டு நுழைச்சீங்கன்னா அது உயரக் கண்ணி, ஓட்டை விழத்தான் செய்யும்.

அடுத்தது ஊசி. நூல் லேபிள்ல 4 மில்லிமீட்டர்னு போட்டிருந்தா பொம்மைக்கு 3 எடுங்க, இல்ல 2.5. கை கொஞ்சம் வலிக்கும், நடு நடுவுல விட்டுட்டு பின்னுங்க. நூல ஊசிக்கு மேல சுத்தாம, ஊசிய நூலுக்கு மேல கொண்டு போயி கீழ இருந்து கொத்தி இழுத்துப் பாருங்க, கண்ணி குட்டையா குறுக்குக் குறுக்கா பெருக்கல் குறி மாதிரி விழும், இன்னும் இறுகும்.

ஆரம்பம் மேஜிக் ரிங்ல, அதாவது நுனிய இழுத்தா மூடிக்கிடுற நூல் வளையத்துல, 6 கண்ணி. அடுத்த சுத்துல ஒவ்வொண்ணுலயும் ரெண்டு போட்டு 12, அப்புறம் 18, 24, 30ன்னு சுத்துக்கு ஆறு ஆறா கூட்டணும், வேணுங்கிற அகலம் வந்ததும் கூட்டாம அஞ்சாறு சுத்து நேரா போயிட்டு அதே கணக்குல ஆறு ஆறா குறைச்சுக்கிட்டு வந்தா உருண்டை. ஒவ்வொரு சுத்தையும் மூடாம தொடர்ந்து போறதுனால எங்க ஆரம்பிச்சோம்னு தெரியாம போயிரும், மொதல் கண்ணியில வேற கலர் நூல் துண்டு ஒண்ணு மாட்டி விட்டு ஒவ்வொரு சுத்துக்கும் மேல மேல மாத்திக்கிடுங்க. குறைக்கும்போது ரெண்டு கண்ணிக்கும் முன்பக்க இழைய மட்டும் கொத்தி சேத்து இழுங்க, பின்பக்க இழைய விட்டுருங்க, அப்பதான் பள்ளமும் ஓட்டையும் தெரியாது. கலர் மாத்துறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு, பழைய கலர்ல கடைசி கண்ணிய பாதி போட்டு ஊசியில ரெண்டு வளையம் இருக்கும்போது புது நூல இழுத்து முடிக்கணும், அப்பதான் சேருற இடம் சுத்தமா இருக்கும்.

கடைசியா, எந்தப் பக்கம் வெளிய இருக்குன்னு பாருங்க. நல்ல பக்கத்துல வரிசையா கண்ணி தெரியும், உள்பக்கத்துல படுக்கைக் கோடு கோடா இருக்கும். சிலபேருக்கு பின்ன பின்ன கிண்ணம் தன்னால உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திரும்பிக்கிடும், மூணாவது நாலாவது சுத்துலயே திருப்பி விட்டுருங்க.

தோவாளையில இருந்து ஒரு வாசகி: உள்ள இலவம்பஞ்சு அடைக்கலாமா? வீட்டுத் தலகாணியில இருந்து எடுத்தது நிறைய இருக்கு. வெட்டுன நூல் துண்டையும் அடைக்கலாம்னு ஒருத்தங்க சொன்னாங்க.

இலவம்பஞ்சு தலகாணிக்கு அருமை, பொம்மைக்கு வேண்டாம். தூசி மாதிரி பறக்கும், நனைஞ்சா கட்டி புடிச்சுரும், துவைக்கவே முடியாது. ஃபைபர் பஞ்சுன்னு தலகாணிக் கடையில எடை போட்டு தருவாங்க, அத வாங்குங்க, துவைச்சாலும் உப்பி நிக்கும். கொஞ்சம் கொஞ்சமா பிச்சு, பென்சில் பின்பக்கத்தால காலு, கழுத்துன்னு ஓரத்துல மொதல்ல தள்ளி அப்புறம் நடுவ நிரப்புங்க. ரொம்ப திணிச்சா கண்ணி விரிஞ்சு போகும், கழுத்துல குறைஞ்சா தலை தொங்கும்.

வெட்டுன நூல் துண்டு பெரிய பிள்ளைங்க பொம்மைக்குன்னா சரி. கைப்பிள்ளைக்கு வேண்டாம், கண்ணி இடுக்கு வழியா நுனிய புடிச்சு இழுத்து எடுத்துரும். அரிசி, பயறு, பிளாஸ்டிக் மணி இதெல்லாம் எந்த வயசுக்கும் அடைக்காதீங்க.

நாகர்கோவில்ல இருந்து ஒரு வாசகர்: மனைவி பழைய ஸ்வெட்டர பிரிச்சு நூல் எடுத்தா, நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடக்கு. நேராக்க முடியுமா?

முடியும் தம்பி. ரெண்டு நாற்காலி முதுகுல சுத்தி பெரிய வளையமா ஆக்கி, நாலு இடத்துல தளர்வா கட்டி, வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் ஊற வெச்சு, முறுக்காம பிழிஞ்சு நிழல்ல தொங்க விடுங்க. அயர்ன் பாக்ஸ் மட்டும் வைக்கப்புடாது, அக்ரிலிக் சூட்டுக்கு துவண்டு போயிரும், அப்புறம் திரும்ப வராது.

அருமனையில இருந்து ஒரு வாசகி: இங்க மழை வந்தா விடாது. பொம்மைய துவைச்சா மூணு நாள் ஆனாலும் நாத்தம் போகல. பெட்டியில பாச்சா உருண்டை போட்டு வைக்கலாமா?

நம்ம ஜில்லாவுக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர் நவம்பர்லயும் மழை, இது எல்லா வீட்டுலயும் உள்ள பாடுதான். வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல பஞ்சு ஈரமா இருக்கும், அதுதான் நாத்தம். பழைய தலகாணி உறைக்குள்ள போட்டு வாய கட்டி துவைங்க, வெளிய எடுத்து காஞ்ச துண்டுல சுருட்டி மேல ஏறி மிதிச்சு தண்ணிய எடுங்க, முறுக்காதீங்க. அப்புறம் ஃபேனுக்கு கீழ வெச்சு அப்பப்ப புரட்டி விடணும். காஞ்சுட்டான்னு பாக்க டிஷ்யூ பேப்பர வெச்சு நல்லா அமுக்குங்க, பேப்பர் நனைஞ்சா இன்னும் ஆகல. உள்ள கருப்பு புள்ளி புள்ளியா பூசணம் வந்துட்டுன்னா தைய்யல பிரிச்சு பஞ்ச மாத்துங்க. மழைக்காலத்துக்குன்னே பொம்மைய சின்னதா, உள்ளங்கை அளவுக்கு பின்னினா சீக்கிரம் காயும். பிள்ளைக்கு புடிச்ச பொம்மைன்னா அதே மாதிரி ரெண்டு பின்னி மாத்தி மாத்தி குடுங்க.

பாச்சா உருண்டை வேண்டவே வேண்டாம்மா. அது நாப்தலின், பிள்ளைங்க முழுங்கினா விஷம். ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்த சிவப்பணுவ காக்குற ஒரு என்சைம் பிறவியிலயே குறைச்சலா இருக்கிறது, அது உள்ள பிள்ளைங்களுக்கு அந்த உருண்டை கூட கிடந்த துணிய போட்டாலே ரத்த சிவப்பணு உடைஞ்சு மஞ்சக்காமாலை வரலாம், பிறந்த பிள்ளைக்கு இன்னும் ஆபத்து. நல்லா காய வெச்ச வேப்பிலைய துணியில முடிஞ்சு போடுங்க, போதும்.

கன்னியாகுமரியில இருந்து ஒரு வாசகி: டூரிஸ்ட் நிறைய வர்ற இடம், எங்க மைனியும் நானும் பின்னி விக்கலாம்னு இருக்கோம். ஏதாவது லைசென்ஸ் வேணுமா? என்ன விலை வைக்க?

நல்ல யோசனை, ஆனா சட்டத்த தெரிஞ்சுக்கிட்டு இறங்குங்க. பொம்மைக்கு தரக் கட்டுப்பாட்டு ஆணைன்னு 2020ல போட்டாங்க, 2021 ஜனவரி 1ல இருந்து நடைமுறையில இருக்கு, அதுப்படி 14 வயசுக்கு கீழ உள்ளவங்க விளையாடுற பொம்மைய விக்கணும்னா ஐஎஸ்ஐ முத்திரை வேணும். மத்திய அரசோட கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர்கிட்ட பதிவு பண்ணின கைவினைஞர்கள் தயாரிச்சு விக்கிற பொருளுக்கு விலக்கு குடுத்திருக்காங்க. அதனால மொதல் வேலையா ரெண்டு பேரும் கைவினைஞர் அடையாள அட்டைக்கு எழுதிப் போடுங்க, பெஹ்சான் கார்டுன்னு கேட்டா தெரியும், உங்க வேலை அதுல சேருமான்னும் அப்பவே கேட்டுக்கிடுங்க. சினிமா, கார்ட்டூன் உருவத்த பின்னி விக்காதீங்க, அது அடுத்தவங்க உரிமை. ஆமை, மீன், நண்டு, மயில்னு பின்னுங்க, கடல் பாக்க வந்தவங்க அதத்தான் ஆசையா எடுப்பாங்க.

விலைய மிச்ச நூலுதானேன்னு குறைச்சு வைக்காதீங்க, நூலுக்கு ஆகுறது கொஞ்சம், உங்க நேரத்துக்கு ஆகுறதுதான் முழுசும். ஒரு பொம்மைக்கு எத்தன மணி நேரம் ஆச்சுன்னு எழுதி வைங்க, உங்க ஊர்ல ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலியோ அத போட்டு, பஞ்சு, நூல், கடைக்காரர் கமிஷன் எல்லாம் கூட்டுங்க. பேரம் பேசுறவங்களுக்கு குறைச்சுக் குடுக்கணும்னா சின்ன பொம்மைய காட்டுங்க, பெரிசோட விலைய குறைக்காதீங்க. பிளாஸ்டிக் கண்ணு வெச்சது, நூல்ல கண்ணு தைச்சது ரெண்டையும் ஒரே கூடையில கலந்து போடாதீங்க, எந்த வயசுக்குன்னு அட்டையில தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி கட்டி விடுங்க, விக்கும்போது அந்த அட்டைய கழட்டிட்டுத்தான் பிள்ளைகிட்ட குடுக்கணும்னு வாங்குறவங்ககிட்ட வாயாலயும் சொல்லிருங்க.