ஆய்வகத்தில் வால்நட்சத்திரம்: கேள்வி பதில்

கே: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வால்நட்சத்திர மாதிரி செய்துகாட்ட அளவு சொல்லுங்கள்.

ப: தண்ணீர் 2 கப், நொறுக்கிய டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) 2 கப், மணல் 2 மேசைக்கரண்டி, கொஞ்சம் கரித்தூள், சிறிது சோள சிரப். பிளாஸ்டிக் கிண்ணத்தில் குப்பைப் பையை விரித்து, டிரை ஐஸ் தவிர மற்றதையெல்லாம் கலக்குங்கள். டிரை ஐஸைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் பொடித்துக் கடைசியில் கொட்டி, மரக்கரண்டியால் விடாமல் கிளறுங்கள். இறுகத் தொடங்கியதும் பையோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். பெரிய கட்டிகள் இருந்தால் உருண்டை பிளந்துவிடும். தண்ணீர் குறைந்தால் உதிரும். டிரை ஐஸ் −78.5 டிகிரி, தடித்த கையுறை கட்டாயம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்: வெளிவரும் வாயு காற்றைவிடக் கனம், தரையோரம் தேங்கும். மூடி இறுக்கிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும்.

கே: அதையே அளந்து ஆராய்ச்சி செய்யலாமா?

ப: கூடாது. அது உருகுகிறது. வால்நட்சத்திரத்தில் பனி உருகாது, நேரே ஆவியாகும். அதற்கு அழுத்தம் 6.1 மில்லிபாருக்கும் வெகு கீழே இறங்க வேண்டும். ஆவியைப் பிடிக்கத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்த சுவர் வேண்டும். ஜெர்மனியின் கொலோனில் 1987 முதல் நடந்த கோசி என்ற வால்நட்சத்திர மாதிரிச் சோதனைகளில் ஒலிவின் என்ற கனிமமும் களிமண்ணும் கலந்த நீரைத் திரவ நைட்ரஜனில் தெளித்துப் பனித்துகளாக்கி, வெற்றிட அறையில் செனான் விளக்கொளியில் வைத்தார்கள். மேலே உலர்ந்த தூசுப் போர்வை உருவானது. அதன் அடியில், உள்நோக்கிப் போன நீராவி மறுபடி உறைந்து துகள்களை ஒட்டி, பனியைக் கெட்டிப்படுத்தியது. 2014இல் 67பி என்ற வால்நட்சத்திரத்தில் தரையிறங்கிய ஃபிலே கலத்தின் சுத்தியல் அதன் பரப்பில் இறங்க மறுத்தபோது, இந்தக் கெட்டிப் பனிதான் பேசப்பட்டது.

கே: அப்படித் தெளித்தால் படிகமற்ற (மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படாத) பனி கிடைக்குமா?

ப: கிடைக்காது. துளியைச் சுற்றி நைட்ரஜன் ஆவிப்படலம் வந்துவிடும். குளிர்வது மெதுவாகி, பனி படிகமாகிவிடும். படிகமற்றது வேண்டுமானால் மிகக் குளிர்ந்த தகட்டில் நீராவியை மெல்லப் படிய விடுங்கள்.

கே: வீட்டு ஃபிரீசரில் அது கிடைக்குமா?

ப: −18 டிகிரியில் கிடைக்காது. டிரை ஐஸை ஃபிரீசரில் பூட்டாதீர்கள். வாயு போக வழி வேண்டும்.

கே: வால்நட்சத்திரம் ஓர் அழுக்குப் பனிப்பந்து என்பதுதானே உண்மை? அப்படியிருக்க ஆய்வு மாதிரியில் தூசை ஏன் கூட்ட வேண்டும்?

ப: அந்தக் கருத்தைச் சொன்ன வானியலாளர் விப்பிள் 1950இல் பனிக்கே முதலிடம் தந்தார். 67பி-யைச் சுற்றிய ரொசெட்டா விண்கலத்தின் தரவை வைத்து ஒருவர் தூசும் பனியும் சமம் என்கிறார், இன்னொருவர் தூசு பலமடங்கு என்கிறார். ஆகவே ஒரே விகிதத்தில் நின்றுவிடாதீர்கள்.

கே: (அவரே) தூசு கூடினால் பனி மூச்சடைத்து, வால் வராதே!

ப: நல்ல மறுப்பு. மைக்ரான் அளவுள்ள மிக நுண்ணிய தூசை அப்படியே கொட்டினால் ஒட்டுவலிமை ஆயிரம் பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) அளவுக்குப் போகும். நீராவி தரும் அழுத்தமோ 1 பாஸ்கல் அளவு. போர்வை பிய்யாது. தூசை முதலில் மில்லிமீட்டர் உருண்டைகளாக்கிச் சலித்து, தட்டி அமுக்காமல் நிரப்புங்கள். தொடும் புள்ளிகள் குறைந்து, வலிமையும் 1 பாஸ்கலை ஒட்டி இறங்கும். புவியீர்ப்பு மட்டும் தொல்லைதான்: 67பி-யில் தப்பிப் பறக்கும் துகள் இங்கே திரும்ப விழும்.

கே: ஃபிரீசரில் டிரை ஐஸோடு வைத்தால்?

ப: மேலே சொல்லியாயிற்று.

கே: மாதிரியின் மேல் வெண்படலம் வருகிறது.

ப: காற்றின் ஈரம். உலர் நைட்ரஜன் ஓட்டத்தில் நிரப்புங்கள். கரண்டி, சல்லடை எல்லாம் முன்கூட்டியே குளிர்ந்திருக்கட்டும். அறையில் ஆக்சிஜன் அளவி இல்லாமல் தொடங்காதீர்கள்.