வின்னிபெக்கில் வல்லாரைக்கு எங்கே போவது?

தங்கைக்கு,

திருச்சியிலிருந்து கனடாவின் வின்னிபெக் வந்திருக்கும் நீங்கள் வல்லாரை, முருங்கைக்கீரை, ஓமவல்லி மூன்றும் இங்கே கிடைக்குமா, பத்து மாதக் குழந்தையின் சளிக்கு ஓமவல்லிச் சாற்றில் தேன் கலந்து தரலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் தேன். ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சாகும். அந்த வயதில் இலைச்சாற்றையும் மருத்துவரிடம் கேட்காமல் புகட்டாதீர்கள். நம் மானிடோபா மாகாணத்தின் 'ஹெல்த் லிங்க்ஸ்' தொலைபேசியில் நடுராத்திரியிலும் செவிலியர் பேசுவார்.

இனிக் கீரை. இந்தியக் கடைகளையே சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். முருங்கைக்குப் பிலிப்பினோ கடைதான். இந்த ஊரில் அவர்கள் ஏராளம். 'மலுங்காய்' என்று கேட்டால் உறைபெட்டியைக் காட்டுவார்கள். தினோலா என்ற இஞ்சி போட்ட கோழிச் சாற்றில் அதைச் சேர்ப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவும் கொடுப்பார்கள். உறைந்த கீரை நீர்விட்டுக் குழையும் என்பதால் பொரியலுக்கு உதவாது. பருப்போடு கடையுங்கள், அடை மாவில் போடுங்கள்.

வல்லாரைக்கு வியட்நாமியர் கடையில் 'ராவ் மா' என்று கேளுங்கள். அவர்கள் அதை அரைத்துச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்கள், எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் அது சம்பல். இலையை நூல்போல அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்புச் சேர்த்துப் பிசைய வேண்டும். தேசிக்காய்ப் புளியை, அதாவது உங்கள் எலுமிச்சைச் சாற்றை, தட்டில் வைக்கும்போதுதான் விட வேண்டும். முன்பே விட்டால் பச்சை மங்கிவிடும். நினைவாற்றலுக்கு நல்லது என்று சொல்லித்தான் எனக்கு ஊட்டினார்கள். என் மதிப்பெண்களில் அது தெரியவில்லை.

ஓமவல்லியை நாங்கள் கற்பூரவள்ளி என்போம். வசந்தத்தில் நாற்றுக்கடைகளில் 'கியூபன் ஆரிகானோ' என்ற சீட்டுடன் நிற்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். கரீபியத் தீவுக்காரர்கள் மீனுக்கு மசாலா பிரட்ட இதை வைத்திருப்பார்கள். ஒரு கிளையை ஒடித்து ஊன்றினாலே வேர்பிடிக்கும். செப்டம்பரிலேயே தொட்டியை உள்ளே எடுத்து, தெற்கு ஜன்னலில் வையுங்கள். ஓர் இரவு உறைபனி பட்டாலும் கறுத்துக் கூழாகிவிடும். மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

கீரைப் பொடி, மாத்திரை என்று மருந்தாக விற்பதை வாங்கினால், டப்பாவில் என்.பி.என். என்ற எட்டு இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் யாராவது ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டால், கீரை அளவைத் திடீரெனக் கூட்டுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.