640 அடியிலும் கருங்கல்: போரை இன்னும் இறக்கலாமா?

கேள்வி: தருமபுரிக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். போன மாதம் போர் போட்டோம். 60 அடியில் கொஞ்சம் ஈரம் தட்டியது. அதன் பிறகு 640 அடி வரை கருங்கல்தான், வெறும் புகைதான். "இந்தப் பாறையைத் தாண்டிட்டா கீழே ஆறா ஓடுது, 1,200 அடி போயிடலாம்" என்கிறார் போர் ஏஜென்ட். நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

நீங்கள் தாண்ட நினைக்கும் பாறைக்கு, எந்தப் போர் வண்டியும் எட்டும் தூரத்தில் அடிப்பக்கம் கிடையாது. உங்கள் ஊருக்குக் கீழே புவியின் மேலோடு 35 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். அங்கே ஆறு எதுவும் ஓடவில்லை.

உங்கள் பகுதியில் பரவலாக இருப்பது சார்னோக்கைட். சென்னைப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கும் அதே கல். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிக்கு இந்தக் கல்லைப் போட்டிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் 1893-இல் ஹாலந்து என்ற புவியியலாளர் இதற்குப் பெயர் வைத்தார். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து உருமாறிய பாறை இது. அந்தச் சூட்டில் காக்காப்பொன் போன்ற கனிமங்கள் தமக்குள் வைத்திருந்த நீரையும் விட்டுவிட்டன. மேலே இருந்த பாறையெல்லாம் காலப்போக்கில் அரித்துப் போக, அடியில் கிடந்தது மேலே வந்துவிட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு வரும்போது வெளிர் வரியோடிய நைஸ் (gneiss) பாறை மெல்ல மெல்ல இந்தக் கருங்கல்லாக மாறும். பழைய மேலோட்டின் ஆழத்துக்குள் படிப்படியாக இறங்குவதைத் தரைமேலேயே பார்க்கலாம் என்பதால், ஆய்வாளர்கள் இதைத் தேடி வருகிறார்கள்.

உங்களுக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கல்லுக்குள் தண்ணீர் ஊற இடமே இல்லை. விரிசலில் மட்டும்தான் நிற்கும். மேல்பாரம் குறைந்ததால் திறந்த விரிசல்கள் தரைக்குப் பக்கத்தில்தான் அதிகம், கீழே போகப் போக இறுகிவிடும். முதல் 300 அடியில் கேப் (தண்ணீர் வரும் விரிசல்) தட்டாத போர், 1,200 அடியில் ஊற்றெடுப்பது அரிது.

அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் கருங்கல் சார்னோக்கைட்டாக இல்லாமல் டோலரைட்டாகவும் இருக்கலாம். உங்கள் மாவட்டத்தில் அது நிறைய உண்டு. "கருப்பு கிரானைட்" என்று மெருகேற்றி விற்பது கிரானைட்டே இல்லை, பெரும்பாலும் இது போன்ற கல்தான். பாறைக்குழம்பு விரிசல் வழியே மேலேறி, அங்கேயே உறைந்து, செங்குத்துச் சுவராக நிற்கும். சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை அகலம் இருக்கும். போர் அந்தச் சுவருக்குள் இறங்கியிருந்தால், 640 என்ன, 2,000 அடி போனாலும் அதே சுவருக்குள்தான் இருப்பீர்கள். ஆனால் மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் நிலத்தடி நீரை அது ஏரிக்கரை மாதிரி மறித்து நிறுத்தியிருக்கக்கூடும். அப்படியானால் சுவரைத் தாண்டி மேட்டுப் பக்கம் தள்ளிப் போட்டால் வாய்ப்பு உண்டு.

எப்படித் தெரிந்துகொள்வது? நிலத்தில் உருண்டை உருண்டையான கரும்பாறைகள் நேர்கோட்டில் பக்கத்துக் காடு வரை போகின்றனவா என்று பாருங்கள். ஒன்றைச் சுத்தியலால் உடையுங்கள். பொடிமணியாக, ஒரே கருப்பாக, வெளித்தோல் மட்டும் பழுப்பாக இருந்தால் டோலரைட். எண்ணெய் பூசியது போன்ற பச்சை கலந்த மினுமினுப்பு, கண்ணாடி போன்ற மணிகள், ஆங்காங்கே சிவப்புப் புள்ளி தெரிந்தால் சார்னோக்கைட். போர் வாயருகே கிடக்கும் பொடியையும் ஒரு பிடி கழுவி, உடைத்த கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். அடிக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவருக்கு ஆழம்தான் வருமானம், ஆழம் கூடக் கூட அடி ரேட்டும் ஏறும். அவரிடம் யோசனை கேட்காதீர்கள். தேங்காயும் வேப்பங்குச்சியும் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையும் பெரும்பாலும் அவரே கூட்டி வருவார். மேல்மண் சரியாமலிருக்க வைக்கும் கேசிங் பைப்பை எத்தனை அடி இறக்கினார் என்று கேளுங்கள். 60 அடியில் வந்த ஈரத்தை அந்தப் பைப்பே அடைத்திருக்கலாம். உங்கள் நிலத்தில் கிடைத்த ஒரே நல்ல செய்தி அந்த ஈரம்தான். அந்த ஆழத்துக்கு அகலமான கிணறு வெட்டி, தேவைப்பட்டால் கிணற்றுக்குள் பக்கவாட்டில் சைடு போர் போடுவது 1,200 அடியைவிட உருப்படியான செலவு.

போர் போட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எத்தனையாவது அடியில் என்ன கல் வந்தது என்று எழுதி வைத்து அடுத்த விவசாயிக்குக் காட்ட மட்டும் ஆளில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851 முதல் இருக்கிறது, பாறை வரைபடங்கள் இணையத்தில் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் கிடந்து யாருக்கு லாபம்? பயிர் காய்கிற வீட்டுக்கு அதைத் தமிழில் சொல்ல ஒருவரை அனுப்ப எத்தனை வருடம் வேண்டும்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வறண்ட குழியை இன்றே மூடி போட்டு அடையுங்கள். 2019-இல் மணப்பாறை பக்கம் மூடாத போர்க் குழியில் குழந்தை சுஜித் விழுந்து இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த இடத்தைக் குறிக்கும் முன் வேளாண் பொறியியல் துறையில் மனு கொடுத்து, மின்தடை முறையில் (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அதை நிலம் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் முறை) நிலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் வந்தால் குடிக்கும் முன் ஃப்ளோரைடு சோதனை செய்யுங்கள், உங்கள் மாவட்டத்தில் அது பெரிய தொல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பயிருக்கு மட்டும் விடுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.